பாயிஸின் சுவர்ப் பக்கம் சாய்ந்த புதினா

பொறாமை என்ற குணத்தை வைக்காமலேயே அல்லாஹ் தன்னைப் படைத்துவிட்டான் என்றும், கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்குமான கரையில் அப்படிப்பட்ட மனிதன் தான் ஒருவன்தான் என்றும் சாய்ந்தமருது பாயிஸ் ஒரு வியாழக்கிழமை காலையில் காலிதீனின் தேத்தண்ணிக் கடையில் அறிவித்தார். அன்று கீரி மீன் மலிவாக இருந்தது. கரைவலைக்காரர்களுக்கு நல்ல மீன்பாடு. அதே காலையில், அவருடைய வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், சகலன் நிப்றாஸின் குசினியில் ஒரு தயிர்ச்சட்டிக்குள் இருந்த புதினா லுஹர் தொழுகைக்கு முன்னர் யன்னல் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இரண்டு செய்திகளும் கடைத்தெருவுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. மக்கள் இரண்டையும் கேட்டுவிட்டு மீன் வாங்கப் போனார்கள்.

இதைச் சொல்ல அந்தச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஊர்களில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை. வீடு அவளுடையது, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருகிறார். தன் இரண்டு மகள்மாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிய மேசன் கச்சிமுகம்மது, காணி ஒடுக்கமென்றும் சீமெந்து விலை ஏறிப் போனதென்றும் யோசித்து, இரண்டு குசினிகளுக்கும் நடுவில் ஒரே சுவரைக் கட்டினார். அதுவும் ஒற்றைக்கல் சுவர். ஊரில் நகையில் மிச்சம் பிடித்த வாப்பாமார் இருக்கிறார்கள், தளபாடத்தில் மிச்சம் பிடித்த வாப்பாமார் இருக்கிறார்கள். இரண்டு மருமகன்மாருக்கு நடுவில் ஒரு சுவரை மிச்சம் பிடித்தவர் அவர் மட்டும்தான். கட்டி முடித்து, இரண்டு மாப்பிள்ளைமாரையும் எடுத்து, நிம்மதியாகக் கண்ணை மூடி மவுத்தாகிப் போனார்.

மூத்தவள் அம்ஹாவுக்கு வந்த மாப்பிள்ளை பாயிஸ். கல்முனையில் தண்ணீர்ப் பைப்புகள் விற்கும் கடைக்குச் சொந்தக்காரர், குரல் பெரியது. இளையவள் ஆதிலாவுக்கு மருதமுனையிலிருந்து வந்தவர் நிப்றாஸ். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர், இருக்கிறாரா இல்லையா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வீட்டுக்கும் முற்றம் கிடையாது. முன்னால் இரண்டு சைக்கிள் விலக முடியாத ஒழுங்கை, பின்னால் அடுத்தவரின் சுவர், மேலே தகரம். பச்சை என்று ஒன்று வேண்டுமானால் வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும் என்று நிப்றாஸ் கண்டுபிடித்தார். எருமைத் தயிர் தின்று முடிந்த மண்சட்டிகளைக் கழுவி, அடியில் ஆணியால் துளையிட்டு, குசினிச் சுவரோடு ஒரு பலகையை அடித்து அதில் வரிசையாக வைத்தார். புதினா, கொத்தமல்லி, வல்லாரை, கற்பூரவள்ளி, ஓரத்தில் ஒரு ரம்பை. சுபஹு தொழுதுவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, நிலத்தில் குந்திக்கொண்டு, பலகையிலிருந்து ஒவ்வொரு சட்டியாக இறக்கி, அரிசி கழுவின தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தெளிப்பார்.

இந்தக் காட்சியைப் பாயிஸ் ஒருநாள் யன்னலால் கண்டுவிட்டார். அதன் பிறகு காலிதீனின் கடைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியோடு அதுவும் கிடைத்தது.

“ஆம்புளயெண்டா கடலுக்குப் போவான், வயலுக்குப் போவான், இல்லாட்டி என்னப் போல கடை நடத்துவான். குசினிக்குள்ள குந்திக்கிட்டு இலைக்கு விரலால தண்ணி தெளிக்கிற ஆம்புளய நான் எங்கட சுவருக்கு அங்கால மட்டும்தான் கண்டிரிக்கன்.”

“உங்களுக்குப் பொறாம காக்கா,” என்றார் அவரை அண்ணன் முறை வைத்து அழைக்கும் காலிதீன், கோப்பையைக் கழுவிக்கொண்டே.

“பொறாமயா? எனக்கா?” என்று எழுந்து நின்ற பாயிஸ், மேலே சொன்ன அறிவித்தலைச் செய்தது அப்போதுதான்.

புதினாவின் மீது அவருக்குப் பொறாமை இல்லை என்பது உண்மை. அவருக்கு இருந்தது வேறு. கலியாணமாகிப் பல வருடங்கள், பிள்ளை இல்லை. அம்ஹா அவருடைய வீட்டில், அதாவது காணி உறுதிப்படி அவளுடைய வீட்டில், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை மடிப்போடு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. பகல் சமையல் முடிந்ததும் “ரெண்டு இலை ஆஞ்சிட்டு வாறன்” என்று சொல்லித் தங்கச்சி வீட்டுக்குப் போவாள். போய்க் கொஞ்ச நேரத்தில் அந்தக் குசினியிலிருந்து அவளுடைய சிரிப்பு ஒற்றைக்கல் சுவரைத் தாண்டி வந்து, பகல் சோற்றுக்குப் பிறகு சாய்வுக் கதிரையில் படுத்திருக்கும் பாயிஸின் காதில் விழும். அந்தச் சிரிப்பு ஒருநாளாவது தன்னுடைய குசினியில் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை இருக்கவில்லை. அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று தெரியாததால் பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினார். அம்ஹா அதைத் துடைத்து வைத்துவிட்டு இலை ஆயப் போனாள்.

செடிகள் வெளிச்சத்தின் பக்கம் சாய்வதுதான் வழக்கம். நிப்றாஸின் செடிகள் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரின் பக்கம் சாய்ந்தன. ஆதிலா சட்டிகளைத் திருப்பி வைத்தாள். அஸர் தொழுகைக்குள் அவை திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டன. பாயிஸ் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன கிழமைகளில் புதினா அசையாமல் நின்றது, கொத்தமல்லி நோஞ்சான் பிள்ளை போலக் கிடந்தது. அவர் வந்து இறங்கி, சோற்றைத் தின்றுவிட்டுக் கதிரையில் சாய்ந்ததும், அம்ஹா தங்கச்சி வீட்டில் சிரித்ததும், வல்லாரை சட்டியை விட்டு வழிந்து நிலத்தில் ஓடி வாசற்படி வரை வந்தது. ஆதிலா அன்று உலக்கையைக் கீழே வைத்தாள்.

“இஞ்ச பாருங்க. மச்சான்ட வயித்தெரிச்சல்தான் இதுக்குப் பசளை.”

“அப்புடிக் கதைக்காத புள்ள. காக்கா பாவம். காத்தோட்டம் நல்லம், அதான்,” என்றார் நிப்றாஸ், காற்று வரவே முடியாத சுவரைப் பார்த்துக்கொண்டு.

கண்ணூறு பட்டால் செடி கருகும் என்றுதான் ஊர் அதுவரை நம்பியிருந்தது. தோட்டங்களில் பானைக்கு முகம் எழுதிக் கம்பில் கவிழ்த்து வைப்பது அதற்காகத்தான். பாயிஸின் விடயத்தில் அது ஏன் தலைகீழாக வேலை செய்தது என்ற கேள்விக்குக் காலிதீன் மட்டும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: மற்றவர்களுடையது கண்ணால் போகிறது, பாயிஸ் காக்காவுடையது காதால் போகிறது. இந்த விளக்கம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

பாயிஸ் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டுக்கும் பச்சை கொண்டுவருவதென்று முடிவெடுத்து, கல்முனைச் சந்தையில் பிளாஸ்டிக் கொடிகளை வாங்கி வந்து குசினிச் சுவர் முழுவதும் தொங்கவிட்டார். “தண்ணி வேணா, மண் வேணா, குந்தவும் வேணா. மவுத்தும் இல்ல” என்று அம்ஹாவிடம் காட்டினார். அம்ஹா அவற்றைத் தொட்டுப் பார்த்தாள், தூசு தட்டினாள், சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் மின்கம்பி போவதற்காக மேசன் விட்டிருந்த ஓட்டையால், பிளாஸ்டிக் இலைகளை ஒதுக்கிக்கொண்டு, நிஜப் புதினாக் கொழுந்து ஒன்று இந்தப் பக்கம் தலையை நீட்டியது. பாயிஸ் கத்தரிக்கோலால் வெட்டினார். மறுநாள் இரண்டு வந்தன. சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று மனைவிக்கு விளக்கம் சொன்னார். நல்லதைக் கண்டால் மாஷா அல்லாஹ் சொல்ல வேண்டும், அப்போது கண்ணூறு எதுவும் ஒட்டாது என்று பள்ளிவாசலில் கேட்டு வந்து, சுவருக்கு முன்னால் நின்று சொல்லியும் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மாஷா அல்லாஹ்வுக்கு இன்னும் ஒரு கொத்து வளர்ந்தது.

அது நாட்டில் உரம் தடைப்பட்டு, பசளை கிடைக்காமல் போன காலம். செய்தி மெல்ல மெல்லப் பரவி, ஒழுங்கையிலுள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பச்சைமிளகாய்க் கன்றுகளைச் சட்டியோடு கொண்டுவந்து நிப்றாஸின் குசினிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை காரைதீவிலிருந்து அழகரெத்தினம் என்ற வயல்காரர் மோட்டார் சைக்கிளில் பைப்புக் கடைக்கே வந்து இறங்கினார்.

“முதலாளி, பசளை இல்லாம வேளாண்மை மஞ்சளிச்சுக் கிடக்கு. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க.”

“பாத்து?”

“சும்மா பாத்தாலே காணும். கொஞ்சம் வயிறெரிஞ்சு பாத்தா இன்னும் நல்லம்.”

பாயிஸ் அவரைக் கடையிலிருந்து இறக்கிவிட்டார். ஆனால் இரண்டு நாட்கள் யோசித்துவிட்டு, தன்னிடம் பொறாமை இல்லை என்பதை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று கண்டு, பௌர்ணமிப் போயா விடுமுறையில் காரைதீவுக்குப் போனார். வரம்பில் நின்று வயலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தார். வரம்புகளில் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நெல் தாளும் அசையவில்லை. அழகரெத்தினம் தன் இரண்டு போக விளைச்சலைப் பற்றி, மகன் கட்டும் மாடிவீட்டைப் பற்றி, புதிதாக எடுத்த உழவு இயந்திரத்தைப் பற்றியெல்லாம் எடுத்துச் சொன்னார். “நல்லம், நல்லம்,” என்றார் பாயிஸ், மனதாரவே. நெல் மஞ்சளாகவே நின்றது. இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பும்போது அழகரெத்தினத்துக்கு ஒரு விடயம் புரிந்திருந்தது. “இது கூலிக்குச் செய்யிற வேலை இல்ல போல முதலாளி. சொந்தக்காரனுக்குத்தான் நீங்க செய்வீங்க,” என்றார். பாயிஸ் வெற்றியோடு ஊருக்குத் திரும்பி, காலிதீனின் கடையில் வயலின் மஞ்சள் நிறத்தைச் சாட்சியாக வைத்து, தன் பொறாமையின்மையை மறுபடியும் அறிவித்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்ஹா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதை வீட்டுக்குப் போனதும் ஒழுங்கைக்காரர் ஒருவர் வாயால் கேட்டார். ஒழுங்கையின் பச்சைமிளகாய் எல்லாம் அன்றே காய்த்தது.

இப்படியே சில வருடங்கள் போயின. பசளை திரும்பவும் கிடைத்தது, விலைதான் ஏறிக்கொண்டு போனது. நிப்றாஸுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு வீட்டுக்கும், ஒழுங்கைக்கும், நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கும் அந்தப் பலகையிலிருந்தே இலை போனது. பிறகு, எல்லோரும் கேட்பதை விட்டுவிட்ட ஒரு மாசி மாதத்தில், அம்ஹாவுக்குப் பிள்ளை தங்கியது.

வயிற்றில் வந்த பிள்ளை அவளை எதையும் சாப்பிட விடவில்லை. சோற்றின் வாசத்துக்கு ஓங்கரித்துச் சத்தி, மீனின் பெயருக்குச் சத்தி, பச்சைத் தண்ணீருக்கும் சத்தி. தங்கச்சி வீட்டுப் புதினாவைக் கசக்கிப் போட்ட தண்ணீர் மட்டும் உள்ளே தங்கியது. அதைக் குடித்தால் கொஞ்சம் கஞ்சியும் தங்கியது. பாயிஸ் சந்தையிலிருந்து கட்டுக்கட்டாக மலைநாட்டுப் புதினா வாங்கி வந்து கொடுத்தார். அதற்கும் சத்திதான். வீட்டுக்கு வந்து பார்க்கும் மிட்வைஃப், இந்தப் பிள்ளை நிற்க வேண்டுமானால் தாயின் வயிற்றில் ஏதாவது நிற்க வேண்டும், எது தங்குகிறதோ அதை விடாமல் கொடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாயிஸைப் பொறுத்தவரை, அவர் அப்படி ஒரு சந்தோஷத்தை முன்பு கண்டதில்லை. வாடிக்கையாளர்களோடு விலை பேச மறந்தார். காலிதீனின் கடையில் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போனார். கடையிலிருந்தவர்கள் அவருக்குக் காய்ச்சலோ என்று பேசிக்கொண்டார்கள். நிப்றாஸை ஒழுங்கையில் கண்டு தோளில் கைபோட்டு, “என்ன தம்பி, சுகமா இரிக்கியா?” என்று கேட்டார். உண்மையிலேயே கேட்டார். அந்தக் கிழமையே புதினா வாடத் தொடங்கியது.

முதலில் ஒழுங்கைக்காரர்களின் மிளகாய் போனது. பிறகு கொத்தமல்லி, பிறகு வல்லாரை. ரம்பை நின்ற இடத்திலேயே காய்ந்து ஓலையானது. நிப்றாஸ் காலையிலும் மாலையிலும் குந்தி அரிசித் தண்ணீர் தெளித்தார். இத்தனை வருடமாகப் பொறாமையில் கொழுத்த செடிகளுக்கு அந்தத் தண்ணீர் ருசிக்கவில்லை. கடைசியில் ஆதிலா தலைத் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சானின் வாசலுக்கு வந்தாள்.

“மச்சான், புதினா சாகுது.”

“தண்ணி ஊத்தல்லியா புள்ள?”

“அது தண்ணி குடிச்சு வளந்த புதினா இல்ல எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்தாட புள்ளைக்காகக் கேக்கன். ஒருக்கா, முந்திப் போல, பொறாமப்படுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைப் பாயிஸ் மறுக்கவில்லை. “சரி, பாப்பம்,” என்று சொல்லி, அஸருக்குப் பிறகு குசினிக்குள் போய், பிளாஸ்டிக் கொடிகளைக் கழற்றி வீசிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் நிப்றாஸும் ஆதிலாவும் காய்ந்த சட்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். மின்கம்பி ஓட்டையால் குரல் நன்றாகக் கேட்டது.

“நீங்க பெருமையடிங்க,” என்று ஆதிலா புருஷனை இடித்தாள்.

நிப்றாஸ் தொண்டையைச் செருமினார். “காக்கா... நான் நல்லா இரிக்கன்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் பாயிஸ்.

“கடையில சம்பளம் கூட்டினாங்க காக்கா.”

“எவ்வளவு?”

நிப்றாஸ் சொன்னார். பாயிஸ் மனம் உருகி, “அது காணாது தம்பி, என்ட கடைக்கு வா,” என்றார். அந்தப் பக்கம் ஒரு இலை உதிர்ந்தது.

“இஞ்ச விடுங்க!” என்று ஆதிலா ஓட்டையில் வாயை வைத்தாள். “மச்சான், இவரு நேத்து எனக்குக் கால் அமுக்கினாரு!”

“ஆதிலா!” என்றார் நிப்றாஸ்.

“நல்லம் புள்ள. அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.”

“ரெண்டு புள்ளயும் இவரோடதான் படுக்கும், இவர்ர கையாலதான் தின்னும். ராத்தா இவர்ர புதினாச் சம்பலுக்காகத்தான் இவ்வளவு காலமும் இஞ்ச வந்த!”

இதைக் கேட்டுப் பாயிஸ் கண்ணை இறுக்கி மூடினார். பழைய சாய்வுக் கதிரையை நினைத்தார், பகல் வெயிலை நினைத்தார், சுவரைத் தாண்டி வந்த சிரிப்பை நினைத்தார். வயிற்றில் தேடினார். அந்த எரிச்சல் இருந்த இடத்தில் இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிய யோசனை மட்டும்தான் இருந்தது. “ஏலாது புள்ள,” என்று கடைசியில் சொன்னார். “ஒண்டும் வருதில்ல.” உள் அறையில் அம்ஹா சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு பள்ளிவாசலிலிருந்து இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். நிப்றாஸின் பலகையில் ஒரு சட்டியில் மட்டும் வேர் ஒன்று உயிரோடு இருந்தது, அதில் ஒரு இலை. பாயிஸ் அந்தச் சட்டியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அது எப்புடித் தெளிக்கிற?”

“விரலால காக்கா.”

“நிண்டுகிட்டு ஏலாதா?”

“நிண்டு தெளிச்சாக் கூடிப் போகும், வேர் அழுகும். குந்தத்தான் வேணும்.”

பாயிஸ் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு குந்தினார். பைப்பு விற்கிறவர் என்பதால் நீரின் அழுத்தத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஐந்து விரலின் நுனியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது தெரியாது. முதல் கிழமை ஏழு நாளும் முழங்கால் வலித்தது, இலை ஒன்றாகவே இருந்தது. பகலில் யன்னலோரம், வெயில் ஏறினால் நிழலுக்கு, கடைக்குப் போன பிறகும் இடையில் ஒருமுறை வந்து தொட்டுப் பார்ப்பது. இரண்டாம் கிழமை கணுவில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பொறாமைப் புதினா ஒரு பகலில் வளர்ந்ததை இது ஒரு மாதத்தில் வளர்ந்தது. அதற்கிடையில் அம்ஹா ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேலைன் ஏற்றிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்த அன்று பாயிஸ் இரண்டே இரண்டு இலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் கசக்கிக் கொடுத்தார். தங்கியது. அன்று பின்னேரம் கஞ்சியும் தங்கியது.

அதன் பிறகு ஆதிலா ராத்தாவைப் பார்க்க இந்தப் பக்கம் வரத் தொடங்கினாள். பிள்ளைகளும் பெரியப்பாவின் சட்டியைப் பார்க்க வந்தார்கள். ஒரு சட்டி நாலு சட்டியாகியிருந்தது. பகல் வேளைகளில் அந்தக் குசினியில் இருக்க இடமில்லாமல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் நிப்றாஸ், வெறும் பலகைக்கு முன்னால், தனியாகப் பகல் சோறு தின்றார். அவர் மிக நல்ல மனிதர் என்பதில் ஊரில் இருவேறு கருத்து இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாயிஸ் குசினிக் கதவைத் திறந்தபோது, புதினா நாலு சட்டியையும் மூடி, யன்னல் கம்பிகளைச் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறி நின்றது. எல்லாக் கொழுந்தும் நிப்றாஸின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பாயிஸ் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். ஒரு பெரிய கொத்தை ஒடித்து, கோப்பையில் வைத்து, ஆதிலாவின் மூத்தவளிடம் கொடுத்து, “வாப்பாக்குக் குடுங்க” என்று அனுப்பினார். இனி இதற்குத் தண்ணீர் தேவையில்லை என்பது அவரை விட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் கிடையாது. சாரத்தை மடித்துக் கட்டினார். அரிசி கழுவின தண்ணீர்ச் சட்டியைக் கிட்ட இழுத்து வைத்து, குந்தி, விரலைத் தொட்டு, முதல் சட்டிக்குத் தெளிக்கத் தொடங்கினார்.

கதவடியில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அம்ஹா வந்து நின்றாள். புருஷனின் குனிந்த முதுகையும், மடித்த சாரத்தையும், இலைகளுக்குள் மறைந்துபோன பெரிய தலையையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புதினா இன்னும் ஒரு முழம் வளர்ந்து தகரத்தைத் தொட்டது. பாயிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தவறினால் தண்ணீர் கூடிப் போகும் என்பதால், விரலை மெதுவாக உதறிவிட்டு, அடுத்த சட்டியைக் கிட்ட இழுத்தார்.